பீற்றர்பரோ பக்கம் புதுக் கிணறு: சரளையோடு நிறுத்துவதா, பாறைக்குள் இறங்குவதா?

வளவுக்காரன்:

வணக்கம். ஒன்ராறியோவில, பீற்றர்பரோவுக்கு வடகிழக்கால 2 ஏக்கர் காணி. நகரசபைத் தண்ணி இல்லை. 4 அறை வீடு கட்டப்போறம், அதுக்கு முதல் குழாய்க்கிணறு அடிக்க வேணும். காணி நீளமான ஒரு மேட்டின்ர கீழ்ச்சரிவில இருக்கு. சுற்றுச்சூழல் அமைச்சின்ர இணைய வரைபடத்தில அயல் கிணறுகளின்ர பதிவுகளை எடுத்துப் பார்த்தன். மூன்று கிடைச்சது.

மேற்குக் கிணறு, மேட்டின்ர மேல்பக்கம், 150 மீற்றர் தள்ளி: 70 அடி வரை களியும் கல்லும், 88 அடி வரை இறுகின மண், 88 முதல் 94 வரை சரளை. ஸ்கிரீன் (தண்ணியை விட்டு மணலைத் தடுக்கிற சல்லடைக் குழாய்) போட்டிருக்கு. நிலைநீர், அதாவது இறைக்காதபோது தண்ணி நிக்கிற மட்டம், 22 அடியில. நிமிடத்துக்கு 12 கலன். எங்கட காணி அதைவிட ஒரு 25 அடி தாழ்வு.

தெற்குக் கிணறு: 41 அடியில சுண்ணாம்புக்கல், 66 அடியில நிறுத்தியிருக்கு, தண்ணி 58 அடியில, 5 கலன், நல்ல தண்ணி.

வடக்குக் கிணறு: 55 அடியில சுண்ணாம்புக்கல், 214 அடி வரை போயிருக்கு, 1 கலன், கந்தகத் தண்ணி எண்டு குறிச்சிருக்கு.

ஒரு ஒப்பந்தக்காரர் "சரளை வந்தால் அதோட நிறுத்துவம்" எண்டுறார். மற்றவர் "200 அடி பாறைக்குள்ள போவம், தண்ணி காணாட்டி அழுத்தம் குடுத்து வெடிப்பைத் திறப்பம்" எண்டுறார். எது சரி? விலைப்பட்டியலில நான் எதைக் கவனிக்க வேணும்?

துளைமுனை:

முதலில் கலன் கணக்கு. ஒன்ராறியோவின் பழைய பதிவுகளில் வருவது இம்பீரியல் கலன், 4.546 லீற்றர். பம்ப் பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் அமெரிக்கக் கலன், 3.785 லீற்றர். 12 கலன் என்பது 54 லீற்றரா 45 லீற்றரா என்று தெரியாமல் பம்ப் வாங்க வேண்டாம்.

நீங்கள் சொல்லும் நீள மேடு டிரம்லின். பீற்றர்பரோவைச் சுற்றி ஆயிரக்கணக்கில் உண்டு. பனிப்படலம் தென்மேற்கு நோக்கி நகர்ந்தபோது அடியில் அரைத்து அமுக்கிய களி, மணல், கல் எல்லாம் கலந்த மண் அது. கொங்கிறீற் மாதிரி இறுகியிருக்கும், தண்ணியை மிக மெதுவாகத்தான் விடும். பதிவில் "இறுகின மண்" என்று இருப்பது அதுதான். இந்தப் பகுதியில் தண்ணி கிடைக்கும் இடங்கள் இரண்டே. ஒன்று, அந்த இறுகிய மண்ணுக்கு இடையிலோ அடியிலோ பனியுருகிய ஆறுகள் போட்டுவிட்டுப் போன சரளை. மற்றது, சுண்ணாம்புக்கல்லின் மேற்பகுதி. அங்கேதான் பாறை உடைந்தும் படைகளுக்கு இடையே விலகியும் இருக்கும். கீழே போகப்போக வெடிப்புகள் இறுகிவிடும். தேங்கிக் கிடக்கும் பழைய தண்ணி உப்பாகவோ கந்தகமாகவோ வரும்.

உங்கள் மூன்று பதிவுகளும் இதையே சொல்கின்றன. தெற்குக் கிணறு பாறையின் முதல் 25 அடிக்குள் 5 கலன் எடுத்துவிட்டது. வடக்குக் கிணறு 159 அடி பாறையைத் துளைத்து 1 கலனும் கெட்ட தண்ணியும்தான் எடுத்தது. ஆகவே "200 அடி" என்று முன்கூட்டியே பேசும் விலைப்பட்டியலை நான் ஏற்கமாட்டேன். கேசிங்கை (துளை இடியாமல் தாங்கும் குழாய்) அடித்துக்கொண்டே இறங்கட்டும். சரளை வந்தால் நிறுத்தி ஊதிப் பார்க்கட்டும். நாலு அடிக்குக் குறையாத சரளை, மண் கலக்காத தண்ணி என்றால் அங்கேயே ஸ்கிரீன். இல்லையென்றால் பாறை வரை போய், பாறைக்குள் 40, 50 அடியில் ஒருதரம் நின்று யோசிக்கலாம்.

சரளையில் நிறுத்துவதென்றால் ஸ்கிரீன் கட்டாயம். சிலர் கேசிங்கின் அடிவாயைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போவார்கள். அப்போது முழுத் தண்ணியும் 6 அங்குல வட்டம் ஒன்றுக்குள்ளால் பாய வேண்டும். அந்த வேகத்தில் மணலையும் இழுத்துக்கொண்டு வரும்.

சரளைக்குள் ஒவ்வோர் அடிக்கும் மாதிரி எடுத்துச் சல்லடை போட வேண்டும். மாதிரியில் சுமார் 60 வீதம் உள்ளே போய் 40 வீதம் வெளியே நிற்கும்படி ஸ்கிரீனின் இடைவெளியைத் தெரிவு செய்வது வழக்கம். "20 ஸ்லொட்" என்றால் 0.020 அங்குலம், ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். துருப்பிடிக்காத உருக்குக் கம்பி சுற்றிய ஸ்கிரீனை, தலையில் ரப்பர் பக்கருடன் (இடைவெளியை அடைக்கும் வளையம்) கேசிங்குக்கு உள்ளே இறக்கி, பிறகு கேசிங்கை யாக் வைத்து நாலைந்து அடி மேலே இழுப்பார்கள். ஸ்கிரீன் சரளைக்குள் வெளிப்படும், ரப்பர் கேசிங்குக்குள் இருக்கும். கேசிங்கின் வெளிப்புற கிரவுட் (சுற்றியுள்ள இடைவெளியை அடைக்க ஊற்றும் கூழ்) இதற்குப் பிறகுதான். முதலே ஊற்றினால் இழுக்கும்போது அடைப்புக் குலைந்துவிடும்.

அடுத்தது கழுவல். தண்ணியை முன்னும் பின்னும் அடித்து, நுண்மணலை உள்ளே இழுத்து வெளியேற்றுவது. பல ஸ்கிரீன் கிணறுகள் கெடுவது இந்த வேலையை ஒரு மணித்தியாலத்தில் முடிப்பதால்தான். பம்பை நிறுத்தித் திரும்பப் போட்ட உடனே வரும் தண்ணியும் தெளிவாக இருந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். அரை நாள் பிடித்தாலும் பிடிக்கும். விலைப்பட்டியலில் கழுவலுக்கு மணிக்கணக்குக் கூலி தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பட்டியலில் கழுவலும் இருக்காது.

கொங்குத்துளை:

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். நம் ஆட்கள் பலரும் "ஊரில் ஒரே நாளில் 500 அடி போர் போடுகிறார்கள், இங்கே 90 அடிக்கு ஏன் இத்தனை பேச்சு" என்று கேட்பதால் ஒன்று சேர்க்கிறேன்.

தமிழ்நாட்டின் திருச்செங்கோட்டு ரிக்குகள் (துளையிடும் வண்டிகள்) வேலை செய்யும் நிலத்தில் செம்மண், சுக்கான், அதற்குக் கீழே கெட்டிப் பாறை. மேல்மண் கேசிங் இறங்கும்வரை இடியாமல் நிற்கும். பாறை தட்டியதும் பி.வி.சி. கேசிங்கை நிறுத்திவிட்டு ஹேமரால் இறங்கிவிடலாம். பனிப்படிவு மண் அப்படி நிற்காது. சரளை உள்ளே சரியும். வீட்டு அடுப்பளவு பாறாங்கல் குறுக்கே வந்து துளையைச் சாய்த்துவிடும். சேறு சுற்றும் ரோட்டரி என்றால், திறந்த சரளை வந்ததும் சேறு மொத்தமும் அதற்குள் ஓடிவிடும். அதனால்தான் இங்கே கேசிங் துளையோடு சேர்ந்தே இறங்கும் முறைகள்: கம்பிவடத்தில் உளி போட்டு இடிக்கும் பழைய கேபிள் டூல், கேசிங்கைத் தனியாகச் சுழற்றி இறக்கும் டூயல் ரோட்டரி, கேசிங்கின் வாய்க்குக் கீழே விரிந்து வெட்டும் பிட். உங்கள் ஒப்பந்தக்காரரிடம் எது இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

பாறைக் கிணறுதான் என்று முடிவானால், கிணற்றின் ஆயுளைத் தீர்மானிப்பது கேசிங் பாறையில் உட்காரும் அந்த ஒரு இடம். அங்கே இரண்டு தவறுகள் நடக்கும்.

முதல் தவறு, பாறாங்கல்லைப் பாறை என்று நம்புவது. உங்கள் பகுதியில் இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி இருக்கிறது. அடிப்பாறை சுண்ணாம்புக்கல், சாம்பல் நிறம். வடக்கே பக்ஹார்ன், பர்லி ஃபால்ஸ் பக்கம் தொடங்கும் கனடியக் கேடயம் என்ற பழம்பாறைப் பரப்பின் கருங்கல்லைப் பனி இழுத்துவந்து மண்ணுக்குள் புதைத்திருக்கிறது. 45 அடியில் இளஞ்சிவப்புத் தூள், மினுமினுக்கும் அபிரகம் வந்தால் அது பாறாங்கல்தான், தாண்டிப் போகச் சொல்லுங்கள். சாம்பல் தூளாக இருந்தாலும் சுண்ணாம்புப் பாறாங்கல்லாக இருக்கலாம் என்பதால் குறைந்தது 10 அடி ஒரே சீராகப் பாறை வந்த பிறகே கேசிங்கை நிறுத்த வேண்டும். டிரைவ் ஷூ என்கிற உருக்கு வளையம் கேசிங் நுனியில் பற்றவைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் அடித்தால் நுனி மடங்கிவிடும்.

இரண்டாவது தவறு, கேசிங்குக்கு வெளியே உள்ள வெற்றிடத்தை நிரப்பாமல் விடுவது. கிணறுகளுக்கான ஒன்ராறியோ ஒழுங்குவிதி 903 சாதாரணமாகக் கேசிங் 6 மீட்டராவது இறங்க வேண்டும், தரைக்கு மேல் 40 சென்டிமீட்டர் நிற்க வேண்டும் என்கிறது. வெளித்துளை கேசிங்கை விட 7.6 சென்டிமீட்டராவது அகலமாக இருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் எடையில் 20 சதவீதத்துக்குக் குறையாத பென்டனைட் (நனைந்தால் ஊதிப் பருக்கும் களிமண்) கலந்த கூழைச் சிறு குழாய் வழியாக அடியிலிருந்து மேல்நோக்கி ஏற்ற வேண்டும். மேலிருந்து கொட்டினால் பாதியில் பாலம் கட்டி, கீழே வெற்றாகவே கிடக்கும்.

கணக்கு எளிது. துளை 10 அங்குலம், கேசிங்கின் வெளிவிட்டம் 6⅝ அங்குலம் என்றால் மீட்டருக்கு 28.4 லிட்டர், 6 மீட்டருக்கு 171 லிட்டர். எத்தனை லிட்டர் போனது என்று பதிவில் எழுதச் சொல்லுங்கள். 60 லிட்டரில் "நிறைந்துவிட்டது" என்றால் நிறையவில்லை. 400 லிட்டர் போயும் நிறையவில்லை என்றால் ஏதோ சரளை குடித்துக்கொண்டிருக்கிறது, கலவையைக் கெட்டியாக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2000 மே மாதம் இதே மாகாணத்தில் வாக்கர்டன் ஊரில் குடிநீரில் கிருமி கலந்து 7 பேர் இறந்து, 2,300 பேருக்கு மேல் நோய்ப்பட்டார்கள். அங்கே குற்றம் சுமந்த 5ஆம் எண் கிணற்றின் கேசிங் 5 மீட்டர்தான். மெல்லிய மண்ணுக்குக் கீழே வெடித்த சுண்ணாம்புக்கல். பெருமழையில் பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாண எருவிலிருந்த கிருமி நேராக உள்ளே போனது. குளோரினைக் கண்காணிப்பதில் நடந்த பிழைகள் அதைப் பேரழிவாக்கின. தனி வீட்டுக் கிணற்றுக்குக் குளோரின் போட ஆளே இல்லை. உங்களுக்கு இருக்கும் காவல் அந்தக் கேசிங்கும் கிரவுட்டும்தான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில் மலக்குழி, உரம் எல்லாம் கிணற்றுக்குள் இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வளவுக்காரன்:

இரண்டு பேருக்கும் நன்றி. சரளை கிடையாமல் பாறையில 1 கலன்தான் வந்தால் என்ன செய்யிறது? "1 கலன் காணும், கிணறே தொட்டி மாதிரித்தானே" எண்டு ஒருத்தர் சொன்னார். செப்டிக் வீட்டுக்குப் பின்னால மேல்பக்கமும், கிணறு முன்னால றோட்டோரமும் எண்டு வரைபடத்தில இருக்கு.

கிணற்றடி:

"காணும்" என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாகாணத்தின் வழிகாட்டுநெறி ஆளுக்கு நாளுக்கு 450 லீற்றர், உச்ச நேரத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 3.75 லீற்றர் வீதம் 120 நிமிடம் என்கிறது. ஆட்களின் எண்ணிக்கை என்பது படுக்கையறையுடன் ஒன்று கூட்டியது. உங்களுக்கு 5 பேர்: நாளுக்கு 2,250 லீற்றர், உச்சத்தில் நிமிடத்துக்கு 18.75 லீற்றர்.

நிமிடத்துக்கு 1 இம்பீரியல் கலன் என்றால் 24 மணித்தியாலத்துக்கு 6,500 லீற்றர். நாள் தேவைக்குத் தாராளம். பிரச்சினை அந்த 2 மணித்தியாலம். அதற்குள் ஊறுவது 545 லீற்றர், மிச்சம் 1,700 லீற்றர் சேமிப்பிலிருந்து வர வேண்டும். 6 அங்குலத் துளை மீற்றருக்கு 18.2 லீற்றர் பிடிக்கும். ஆகவே பம்புக்கு மேலே 93 மீற்றர் தண்ணித்தூண் தேவை, 300 அடிக்கு மேல். உங்கள் இடத்தில் அந்த ஆழம் கந்தகத் தண்ணியைத்தான் தரும். சேமிப்புக்காக ஆழமாகத் துளைப்பது கருங்கல் பகுதியில் பொருந்தும், உங்கள் சுண்ணாம்புக்கல்லில் பொருந்தாது. அதைவிட நிலவறையில் 2,000 லீற்றர் தொட்டி வைத்து, கிணற்றுப் பம்பை மெதுவாக ஓடவிட்டு, வீட்டுக்கு இரண்டாவது பம்பால் அழுத்தம் கொடுங்கள். தண்ணி வற்றினால் பம்பை நிறுத்தும் பாதுகாப்புச் சுவிட்சை மறக்க வேண்டாம்.

அழுத்தம் கொடுத்து வெடிப்பைத் திறக்கும் முறை உண்மையில் வேலை செய்வது, மூடிய வெடிப்புகள் உள்ள கருங்கல்லில். துளைக்குள் பக்கரை ஊதி இறுக்கி, அதற்குக் கீழே சுத்தமான குளோரின் தண்ணியை ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அழுத்த அளவு) வரைக்கும் ஏற்றுவார்கள். அழுத்தம் ஏறி ஏறித் திடீரென விழுந்தால் வெடிப்புத் திறந்தது. விழாமல் நின்றால் பாறை அசையவில்லை. உங்கள் இடத்தில் இரண்டு ஆபத்து. பக்கரைக் கேசிங்கின் அடிக்குக் கிட்ட வைத்தால் கேசிங் உட்கார்ந்த இடமே உடைந்து மேல்மண் தண்ணி உள்ளே வரும். குறைந்தது 60 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். அப்படித் தள்ளினால் நீங்கள் திறப்பது ஆழத்து வெடிப்பு, வருவது ஆழத்துத் தண்ணி. தெற்குக் கிணறு மாதிரி 70 அடியில் முடியும் கிணற்றுக்கு இந்த முறை பொருந்தவே பொருந்தாது.

பாறையிலும் தண்ணி இல்லை, சரளையும் இல்லை என்றால், 36 அங்குலக் கொங்கிறீற் வளையம் போட்ட அகலக் கிணற்றைத் தள்ளிவிடாதீர்கள். மீற்றருக்கு 650 லீற்றர் பிடிக்கும், இறுகிய மண் இரவு முழுக்கக் கசிந்து நிரப்பும். ஆனால் கிருமி ஆபத்துக் கூட.

செப்டிக்குக்கு வருவோம். 6 மீற்றருக்கு மேல் நீர்புகாக் கேசிங் உள்ள துளைக் கிணறு 15 மீற்றர் தள்ளி இருக்கலாம், மற்ற வகைக் கிணறு 30 மீற்றர். சட்டம் இதோடு நின்றுவிடும். நீங்கள் நிற்க வேண்டாம். செப்டிக் மேல்பக்கம், கிணறு கீழ்ப்பக்கம், அதுவும் குளிர்காலம் முழுக்க உப்புக் கொட்டும் றோட்டோரத்தில் என்பது மூன்று பிழை ஒன்றாகச் சேர்ந்தது. இரண்டையும் இடம் மாற்றுங்கள்.

ஊற்றுவாய்:

எல்லோரும் நல்ல பதில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கேள்வியில் உள்ள ஒரு எண்ணை யாரும் தொடவில்லை, அதுதான் உங்களுக்குப் பெரிய செலவு வைக்கக்கூடியது.

மேற்குக் கிணற்றில் சரளை தொடங்குவது 88 அடியில், தண்ணி நிற்பது 22 அடியில். அதாவது இறுகிய மண் மூடியாக இருக்க, சரளைத் தண்ணி 66 அடி உயரத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது, ஏறக்குறைய 29 பி.எஸ்.ஐ. உங்கள் காணி அதைவிட 25 அடி தாழ்வு என்கிறீர்கள். அதே சரளைப் படை உங்கள் காணி வரை நீண்டிருந்தால் உங்கள் நிலைநீர் மட்டம் தரைக்கு 3 அடி மேலே. மூடியைத் துளைத்த நிமிடத்தில் கிணறு தானாக வழியும்.

தானாக வழியும் கிணறு வரம் மாதிரித் தெரியும். தயாரில்லாமல் அகப்பட்டால் தண்ணி கேசிங்குக்கு வெளியாலும் ஏறி, மண்ணை அரித்து, கிரவுட் இறுக முன்பே கழுவிவிடும். பிறகு அதை அடைப்பது புதுக் கிணறு அடிப்பதைவிடச் செலவு. வழியும் தண்ணியைக் கட்டுப்படுத்தும் கருவி பொருத்த வேண்டும் என்பது ஒழுங்குவிதியிலும் இருக்கிறது.

செய்ய வேண்டியது: முதலில் இரண்டு இடங்களின் உயரத்தையும் நில அளவையாளரைக் கொண்டு சரியாக அளவிடுங்கள், "ஒரு 25 அடி" போதாது. பிறகு துளைக்கும் இடத்தைச் சரிவில் மேலே கொண்டுபோங்கள். நிலம் ஒரு அடி உயர்ந்தால் நிலைநீர் ஒரு அடி கீழே போகும். 12 அடி உயரமான இடத்தில் அடித்தால் தண்ணி தரைக்கு 9 அடி கீழே நிற்கும், வசந்தத்தில் மட்டம் ஏறினாலும் சமாளிக்கும். கிணறு மேலே போனால் செப்டிக் கீழே வரும், றோட்டு உப்பும் விலகும். கிணற்றடி சொன்ன மூன்று பிழையும் இதோடு தீரும். கூடுவது வீடு வரையான குழாய்க் கிடங்கின் நீளம் மட்டும். அதை உறைபனி எட்டாத ஆழத்தில், 5 முதல் 6 அடிக்குள், கேசிங்கின் பக்கத்தில் பிட்லெஸ் இணைப்பு (நிலத்துக்குக் கீழேயே குழாயைப் பக்கவாட்டில் வெளியே எடுக்கும் பொருத்து) வைத்து எடுங்கள்.

அப்படியும் சரளைக்குக் கிட்ட வரும்போது கேசிங்கைத் தரைக்கு மேல் 8, 10 அடி நீட்டி வைத்து, எப்போதும் தண்ணியால் நிரப்பியே வேலை செய்யச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் தண்ணியின் பாரம்தான் கீழிருந்து மணல் ஊதி ஏறாமல் தடுக்கும். கேசிங்கைக் காற்றால் ஊதி வெறுமையாக்கினால் 20 அடி மணல் உள்ளே ஏறி நிற்கும், ஒரு நாள் வேலை போய்விடும். கிணறு வழிந்தால் அதைக் கட்டுப்படுத்தும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

முடித்த பிறகு ஒரு மணித்தியாலம் ஒரே வேகத்தில் இறைத்து, முதல் 5 நிமிடம் நிமிடத்துக்கு ஒருதரமும் பிறகு குறித்த இடைவெளியிலும் நீர்மட்டம் எழுத வேண்டும். நிறுத்திய பின் மட்டம் ஏறுவதையும் அதேபோல. அந்த எண்கள் உள்ள பதிவின் பிரதி 14 நாளுக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும். கிருமி நீக்கக் குளோரின் லீற்றருக்கு 50 முதல் 200 மில்லிகிராம் வரை, குறைந்தது 12 மணித்தியாலம். 21 மீற்றர் தண்ணித்தூண் உள்ள 6 அங்குலக் கிணற்றுக்கு 12 வீதக் கரைசல் 160 மில்லிலீற்றர் போட்டால் 50 வந்துவிடும். குளோரின் முற்றாகப் போன பிறகு மாதிரி எடுத்துப் பொதுச் சுகாதார ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள், கிருமிச் சோதனை இலவசம். அங்கே நைத்திரேற், சோடியம், இரும்பு, ஆர்செனிக் பார்ப்பதில்லை. அதற்குத் தனியார் ஆய்வுகூடத்தில் காசு கட்டி, வீட்டு வேலை தொடங்குமுன் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.